பெட்டகம் திறந்திருக்கும் அந்த ஒரு நிமிடம்

காலையில் அலுவலகத்திற்கு வருகிறீர்கள். கணினியில் உங்கள் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைகிறீர்கள். "இன்று மாலை பராமரிப்புப் பணிக்காகக் கணினி நிறுத்தப்படும்" என்பது போன்ற ஓர் அன்றாட அறிவிப்பு வரவேண்டிய இடத்தில், அங்கே வேலை செய்யும் அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் பெயர் வாரியாக வந்து கொட்டினால் எப்படி இருக்கும்?

இது கற்பனைக் கதையல்ல. 1966ஆம் ஆண்டு வாக்கில், எம்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த சம்பவம். அன்று அந்தக் கணினிக்குள் திருடன் எவனும் நுழையவில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. பெட்டகத்திற்குப் பொறுப்பான அதிகாரியே, முறைப்படி அதைத் திறந்து, ஒரு திருத்தம் செய்துகொண்டிருந்தார். அவ்வளவுதான்.

கடவுச்சொல்லின் வரலாறு என்றாலே நம் நினைவுக்கு வருவது திருடர்களின் கதைதான். பத்திரிகைத் தலைப்புக்கும் அதுவே வசதி. ஆனால் இந்தத் துறையின் அறுபது ஆண்டுக் கதையைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரியவருகிறது. ரகசியத்தைப் பூட்டி வைப்பது ஒரு வேலை. பூட்டி வைத்த ரகசியத்தை வெளியே எடுத்து, மாற்றி, மறுபடியும் உள்ளே வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைதான் மனிதனை அதிகம் கவிழ்த்திருக்கிறது. அந்த வேலைக்கென்றே சில சின்னஞ்சிறு கருவிகள் செய்யப்பட்டன. அவற்றுக்குக் கையேடுகளும் எழுதப்பட்டன. யாரும் விரும்பிப் படிக்காத அந்தக் கையேடுகளில்தான் பல விபத்துகளின் தழும்புகள் இருக்கின்றன.

இரண்டு அதிகாரிகள், ஒரே பெயரில் ஒரு கோப்பு

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் இயந்திரம். ஒருவர் வேலை முடிந்த பிறகுதான் அடுத்தவர் வேலை. இந்த நிலையை மாற்றியவர் எம்.ஐ.டி.யின் பெர்னாண்டோ கோர்பாட்டோ. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் 'சி.டி.எஸ்.எஸ்.' என்ற ஏற்பாட்டை அவருடைய குழு 1961ஆம் ஆண்டு நவம்பரில் செயல்படுத்திக் காட்டியது. பலர் பயன்படுத்தும் கணினி என்றால், ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காமல் இருக்க ஏதாவது வேண்டுமே! ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். கணினி உலகில் கடவுச்சொல் பரவலானது இங்கிருந்துதான் என்று சொல்லலாம்.

அத்தனை கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் இருந்தன. எழுதியது எழுதியபடியே, எந்த மறைப்பும் இல்லாமல்.

இதில் இருந்த ஓட்டையை முதலில் கண்டுகொண்டவர் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. முனைவர் பட்ட ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பின் பெயரைத் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால் கணினி அதை அச்சடித்துத் தரும் வசதி அங்கே இருந்தது. 1962ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில், கடவுச்சொல் கோப்பை அச்சடிக்கும்படி ஓர் அட்டையைப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை விடியற்காலையில் வந்து, அச்சடித்த தாள்களை வைக்கும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் நேரத்தில் தம் வேலையை முடித்தார். இந்தக் கதையை 2011ஆம் ஆண்டு வெளியான சி.டி.எஸ்.எஸ். பொன்விழா மலரில் அவரே எழுதியிருக்கிறார். மாணவர் குறும்பு என்று இதை விட்டுவிடலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து நடந்ததை அப்படி விட முடியாது. நிர்வாக அதிகாரிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்துகிறார். மற்றவர் அன்றைய அறிவிப்பைத் திருத்துகிறார். இருவரும் பயன்படுத்தியது ஒரே திருத்தும் மென்பொருள். அந்த மென்பொருள், திருத்தம் முடியும்வரை கோப்பின் நகலைத் தற்காலிகமாக ஓரிடத்தில் வைத்திருக்கும். அந்தத் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று எண்ணி அப்படி அமைத்திருந்தார்கள். ஆனால் நிர்வாகிகள் மட்டும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டார்கள். விளைவு? இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. கடவுச்சொல் பட்டியல் போய் அறிவிப்பு இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே நுழைந்தவர்களின் தட்டச்சு முனையங்கள் எல்லாம் அதைக் கடகடவென்று அடித்துத் தள்ளின.

கணினியை நிறுத்தினார்கள். எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றினார்கள். கோர்பாட்டோ 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் இந்தச் சம்பவத்தை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். தோல்வி காணப்போகும் அமைப்புகளைக் கட்டுவது பற்றித்தான் அந்த உரையே. விருது மேடையில் நின்று தம் பட்டறையில் நடந்த பிழையைப் பேச ஒரு மனம் வேண்டும்.

அரைத்த மசாலையும் ஒரு சிட்டிகை உப்பும்

கோப்பையே பூட்டி வைத்தால் போதும் என்ற எண்ணம் இதற்குப் பிறகு ஆட்டம் கண்டது. பூட்டு தவறலாம். ஆகவே, கோப்பு நடுத்தெருவில் விழுந்தாலும் அதிலிருந்து கடவுச்சொல்லைப் படிக்க முடியக்கூடாது. இதற்கான வழி ஏற்கெனவே இங்கிலாந்தில் பிறந்திருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் நீதம், மைக் கை ஆகியோர் 'டைட்டன்' என்ற கணினிக்காக 1960களில் இந்த யோசனையைச் செய்துகாட்டினர். அவ்வூரின் 'ஈகிள்' மதுக்கடையில் நடந்த பேச்சுகளில் முளைத்த யோசனை இது என்பார்கள்.

அந்த யோசனை என்ன? மிளகாய், மல்லி, சீரகம் சேர்த்து அம்மியில் அரைக்கிறோம். அரைத்த மசாலையிலிருந்து முழு மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே சாமான்களை அதே அளவில் மறுபடி அரைத்தால் அதே மணம் வரும். கடவுச்சொல்லையும் இப்படி அரைத்து, அரைத்ததை மட்டும் கோப்பில் வைப்பது. பயனர் வந்து தம் சொல்லைக் கொடுத்தால் அதையும் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. உண்மையான சொல்லைக் கணினி நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய 'யூனிக்ஸ்' இயங்குதளத்திலும் முதலில் கடவுச்சொற்கள் அப்படியேதான் எழுதப்பட்டிருந்தன. பிறகு குறியாக்கம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய 'எம்-209' என்ற கைக்கடக்கக் குறியீட்டு இயந்திரத்தைப் போல வேலை செய்யும் ஒரு நிரலை எழுதிச் சேர்த்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அது மிக வேகமாக அரைத்தது! 'பி.டி.பி. 11/70' கணினியில் ஒரு சொல்லைச் சோதிக்க 1.25 மில்லி விநாடி போதும். அதாவது, ஐந்து சிறிய எழுத்துகளால் ஆன எல்லாச் சொற்களையும் 4 மணி நேரத்தில் சோதித்து முடித்துவிடலாம்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும். 1979ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய கட்டுரை இன்றைக்கும் இத்துறையில் பாடம். உண்மையான பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 15 சொற்கள் ஒரே எழுத்து. 72 சொற்கள் இரண்டே எழுத்து. 464 சொற்கள் மூன்று எழுத்து. அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் அகப்பட்டவை 492. ஆக மொத்தம் 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. ஒரே எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்த அந்தப் பதினைந்து பேரும் கணினி தெரியாத பாமரர்கள் அல்லர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணினியைத் தொட்டவர்களே படித்தவர்கள்தான்.

இரண்டு மருந்துகளை அவர்கள் கொடுத்தார்கள். ஒன்று, அரைப்பதை மெதுவாக்குவது: 'டெஸ்' என்ற குறியாக்கத்தை 25 முறை திரும்பத் திரும்பச் செய்வது. மற்றொன்று, ஒவ்வொருவருடைய சொல்லோடும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த ஓர் எண்ணைச் சேர்த்து அரைப்பது. அந்த எண் 4,096 வகையாக இருக்கலாம். எனவே இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் கோப்பில் வேறு வேறாகத் தெரியும். அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'. நம் மசாலை உவமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

கவுன்டருக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா

இப்போது ஒரு சிக்கல். கடவுச்சொல் கோப்பில் சாதாரணப் பயனர் கை வைக்கக்கூடாது. ஆனால் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ளவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் நிர்வாகியைத் தேடி ஓட முடியுமா?

வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பேரேட்டைத் தொட முடியாது. கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா உள்ளே போய், உங்கள் வரியை மட்டும் திருத்திவிட்டு வருவார். யூனிக்ஸில் அந்தக் குமாஸ்தாவின் பெயர் 'பாஸ்வேர்டு' என்பதைச் சுருக்கி வைத்த 'பாஸ்டபிள்யூடி'. சாதாரணப் பயனர் அதை இயக்கினாலும், அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் அது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் ரிட்சி. 1973இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1979இல் கிடைத்தது. பிறகு அந்த உரிமை பொதுமக்களுக்கே விட்டுக்கொடுக்கப்பட்டது.

அந்தக் குமாஸ்தாவுக்கு எழுதப்பட்ட கையேடு ஒரு பக்கம்கூட வராது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதியிட்டு வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், கடைசியில் 'பிழைகள்' என்று ஒரு பகுதி. தம் சரக்கில் உள்ள குறையைத் தாமே அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் வியாபார உலகில் அபூர்வம். பெல் ஆய்வுக்கூடத்தில் அது சாதாரணம்.

1975இல் வந்த ஆறாம் பதிப்பின் கையேட்டையும் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். ஆறாம் பதிப்பில், புதிய கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்தே தட்டச்சு செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்பவர் கண்ணில் அது படும். தாளில் அடிக்கும் முனையமாக இருந்தால் தாளிலும் பதிந்துவிடும். ஏழாம் பதிப்பில் கருவி பேசக் கற்றுக்கொண்டது. முதலில் பழைய சொல்லைக் கேட்கும். பிறகு புதிய சொல்லைக் கேட்கும். தட்டச்சில் கை தவறியிருக்கலாம் என்பதால் அதையே இன்னொரு முறையும் கேட்கும். இன்றைக்கு வங்கியின் இணையச் சேவையில் கடவுச்சொல்லை மாற்றும்போது நாம் அலுத்துக்கொண்டே செய்யும் அதே மூன்று படிகள்!

அதே ஏழாம் பதிப்பின் கையேட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடவுச்சொல் மிகக் குட்டையாக இருந்தால் கருவி ஏற்க மறுக்கும் என்று விதிகளைச் சொல்லிவிட்டு, பயனர் விடாப்பிடியாக இருந்தால் விதி தளர்த்தப்படும் என்றும் எழுதிவைத்திருந்தார்கள். மனிதர்களை அறிந்தவர்கள் எழுதிய கையேடு அது. ஆனால் பாதுகாப்புக்கு அந்தத் தாராளம் நல்லதா என்றால், இல்லை.

எம்.ஐ.டி. விபத்தின் பாடம் கலிபோர்னியாவில் வேறொரு கருவியாக வடிவெடுத்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில், நிர்வாகிகள் கடவுச்சொல் கோப்பைத் திருத்துவதற்கென்றே 'விப்' என்ற கருவி வந்தது. ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால், கோப்பு ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடும். கழிவறைக் கதவில் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று காட்டும் சின்னம் மாதிரிதான். அவ்வளவு எளிய ஒன்று 1966இல் இருந்திருந்தால் போதும்.

தந்தை கட்டியதும் மகன் நுழைந்ததும்

அரைத்துத்தான் வைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில், யூனிக்ஸின் கடவுச்சொல் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பயனர்களின் பெயர், எண், அவர்களுடைய கோப்புகள் இருக்கும் இடம் எல்லாம் அதே கோப்பில்தான் இருந்தன. மற்ற நிரல்களுக்கு அந்த விவரங்கள் தேவைப்பட்டன.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி அந்தத் தைரியம் போனது. இணையத்தில் ஒரு 'புழு' புகுந்து, கணினி விட்டுக் கணினி தாவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, இந்தக் கோப்பைப் படித்துக் கடவுச்சொற்களை ஊகிப்பது. முதலில் பயனரின் பெயரையே முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்க்கும். பிறகு தன்னோடு கொண்டுவந்த 432 சொற்களின் பட்டியலைச் சோதிக்கும். அதை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய அதே ராபர்ட் மோரிசின் மகன்! தந்தையோ அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. மகனுக்கு 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகச் சேவையும் 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அரைத்த கடவுச்சொற்களை மட்டும் பிரித்தெடுத்து, நிர்வாகி தவிர வேறு யாரும் படிக்க முடியாத 'நிழல்' கோப்பில் வைக்கும் வழக்கம் 1980களின் இறுதியில் பரவத் தொடங்கியது.

பழைய கோப்புகள் லேசில் சாவதில்லை. பெர்க்லியின் பழைய மூல நிரல்களுக்கு நடுவே, யூனிக்ஸ் முன்னோடிகளின் அரைத்த கடவுச்சொற்கள் கிடந்தன. பலருடையது சுலபமாக அகப்பட்டுவிட்டது. கென் தாம்சனுடையது மட்டும் விடாப்பிடியாக நின்றது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், நவீன வரைகலை அட்டையை நான்கு நாளுக்கும் மேல் ஓடவிட்டு அதையும் கண்டுபிடித்தார்கள். சதுரங்கத்தில் ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வை, பழைய குறியீட்டு முறையில் எழுதி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தார் அவர். மொத்தம் எட்டே எழுத்துகள்.

தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை

கருவி நல்லதாகிவிட்டது. மாற்றுவதும் எளிதாகிவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? அடிக்கடி மாற்று என்ற உத்தரவு வரும். வந்தது. 1985ஆம் ஆண்டு அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு வெளியிட்ட, பச்சை அட்டை போட்ட வழிகாட்டி நூல், ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டு அமெரிக்கத் தரக் கழகத்தின் சார்பில் பில் பர் எழுதிய வழிகாட்டி வந்த பிறகு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது உலகமெங்கும் அலுவலகச் சட்டமாகிவிட்டது. 90 நாளைக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிக் கணினி மிரட்டியது நேயர்களில் பலருக்கு அனுபவமாக இருக்கும். அப்போது என்ன செய்தோம்? கடைசியில் இருந்த 1ஐ 2 ஆக்கினோம். அடுத்த முறை 3.

இதை நாம் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்கள் கழகத்தில் காலாவதியாகிப்போன 7,700க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை எடுத்து 2010இல் ஆராய்ந்தார்கள். பழைய சொல் ஒன்று கையில் இருந்தால், அரைத்த கோப்பை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை மூன்றே விநாடியில் கண்டுபிடிக்க முடிந்த கணக்குகள் 41 விழுக்காடு. 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்து ஊகத்திற்குள்ளாகவே அகப்பட்டது. கருவி ரகசியத்தை மாற்றியதாகப் பதிவு செய்துகொண்டது. உண்மையில் ரகசியம் மாறவே இல்லை.

பில் பர் 2017ஆம் ஆண்டு, தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் செய்தியாளரிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு தரக் கழகம் தன் வழிகாட்டியைத் திருத்தியது. கசிந்துவிட்டது என்ற அறிகுறி இருந்தால் ஒழிய, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்றது.

விதியைப் பின்பற்றுவது போலவே ஏமாற்றுவது எப்படி என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதிக்கும் ஜூலை 4ஆம் தேதிக்கும் இடையே, சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தகவல் களஞ்சியத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. சுமார் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. தாக்கியவர்கள் தேர்ந்தவர்கள், பல வழிகளில் முயன்றவர்கள் என்று அறிக்கை சொல்கிறது. அது சுட்டிக்காட்டிய பல பலவீனங்களில் ஒன்று, ஒரு சேவைக் கணினியின் நிர்வாகிக் கணக்குக்கு இருந்த கடவுச்சொல். 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்தான் அது. 'ஏ' எழுத்துக்குப் பதில் மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி, 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம், முதல் எழுத்து பெரிய எழுத்து. எட்டு எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, குறியீடு இருக்கிறது. விதிப் புத்தகத்தின்படி முழு மதிப்பெண்!

பெட்டகத்தின் சாவியா, உள்ளே இருக்கும் சாவியா?

ஒருவருக்கு ஒரு கடவுச்சொல் என்ற காலம் போய், ஒருவருக்கு ஐம்பது, நூறு என்று ஆனபோது பெட்டகங்கள் வந்தன. எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரு குறியாக்கப் பெட்டகத்தில் போட்டு, அதற்கு ஒரே ஒரு தலைமைச் சொல் வைப்பது. குறியாக்க நிபுணர் புரூஸ் ஷ்னையர் 1997இல் வெளியிட்ட 'பாஸ்வேர்ட் சேஃப்' இவ்வகையில் முன்னோடி.

இங்கே அரைத்து வைக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டகத்தில் வைத்த சொல் நமக்கு முழுசாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். எனவே பழைய பிரச்சினை புது உருவில் வந்து நின்றது. பெட்டகத்தின் சாவியை மாற்றுவது வேறு, உள்ளே வைத்திருக்கும் ரகசியங்களை மாற்றுவது வேறு. பயனர்களில் பெரும்பாலோர் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில், கடவுச்சொல் பெட்டகச் சேவை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனம், வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களைத் திருடர்கள் எடுத்துச் சென்றுவிட்டதாக அறிவித்தது. செய்தியைப் படித்தவர்களுக்கு முதலில் தோன்றுவது தலைமைச் சொல்லை மாற்றிவிடலாம் என்பதுதான். வீட்டுப் பெட்டகத்தின் பூட்டை இன்று மாற்றினால், நேற்றே தூக்கிக்கொண்டு போன பெட்டகத்தின் பூட்டும் மாறுமா? திருடர்கள் கையில் இருக்கும் நகல் பழைய சொல்லுக்குத்தான் திறக்கும். உள்ளே இருந்த வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக, அந்தந்த இடத்திற்குப் போய் மாற்றுவதுதான் உருப்படியான வேலை. அலுப்பான வேலையும் அதுதான்.

நிறுவனங்களின் சேவைக் கணினிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ரகசியங்களைக் காக்க, ஹாஷிகார்ப் நிறுவனம் 2015இல் 'வால்ட்' என்ற பெட்டகத்தை வெளியிட்டது. இதன் கையேடு இரண்டு வேலைகளையும் இரண்டு பெயரிட்டுப் பிரித்து எழுதுகிறது: பெட்டகத்தைத் திறக்கும் சாவித் துண்டுகளைப் புதுப்பிப்பது ஒன்று, உள்ளே தகவலைக் குறியாக்கம் செய்யும் சாவியைச் சுழற்றுவது மற்றொன்று. சாவித் துண்டுகள் என்பது கணித மேதை அடி ஷாமிர் 1979இல் தந்த முறை. வழக்கமாகச் சாவியை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுப்பார்கள். எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் திறக்கலாம். இரண்டு பேர் சேர்ந்தால் ஒன்றும் நடக்காது. ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால், அந்த ஐந்து துண்டுகளையும் புதிதாக்க வேண்டும். உள்ளே இருப்பதைத் தொடவேண்டியதில்லை. கோயில் உண்டியலுக்கு மூன்று நிர்வாகிகளிடம் மூன்று சாவி கொடுத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலும் திறக்க வழி வைத்திருப்பதுதான் ஷாமிரின் கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவையும் கையேட்டில் பகிரங்கமாக எழுதிவிட்டால் திருடனுக்கே வழி சொன்னது போல ஆகாதா? இந்தக் கேள்விக்கு 1883ஆம் ஆண்டிலேயே பதில் வந்துவிட்டது. டச்சு மொழியறிஞர் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் இராணுவக் குறியீடுகளைப் பற்றி எழுதியபோது, பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் சிக்கினாலும் கவலையில்லாத நிலை இருக்க வேண்டும், சாவி மட்டுமே ரகசியமாக இருந்தால் போதும் என்றார். கையேட்டை மறைத்து வைக்க வேண்டிய பூட்டை வாங்காமல் இருப்பதே மேல்.

ஹாஷிகார்ப்புக்கு ஓராண்டு முன்பே, 2014இல், பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் 'ஆன்சிபிள்' மென்பொருளோடு 'ஆன்சிபிள் வால்ட்' என்ற ஒரு சிறு கருவி வந்தது. ரகசியம் உள்ள கோப்பைக் குறியாக்கம் செய்யும், பார்க்கத் தரும், திருத்தத் தரும், சாவியை மாற்றித் தரும். திருத்தும்போது அது கோப்பைத் திறந்து, பயனர் வழக்கமாகப் பயன்படுத்தும் திருத்தும் மென்பொருளிடம் கொடுக்கிறது. முடிந்ததும் மறுபடி குறியாக்கம் செய்துவிடுகிறது. இதன் கையேட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. திருத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும், மின்சாரம் தடைபட்டாலும் எழுதியது போய்விடக்கூடாது என்று, தற்காலிகக் கோப்பு ஒன்றை ஓரமாக வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் ரகசியம் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் கிடக்கலாம். ஆகவே முதலில் அதை நிறுத்திவையுங்கள் என்று சொல்லி, எந்த மென்பொருளில் எதை அணைக்க வேண்டும் என்பதையும் வரிவரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.